இடது காலுக்குப் பத்து நொடி

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் எனக்கு முழங்கை மட்டும்தான் சிராய்த்தது. என் மகளுக்கோ மூளையே கலங்கிவிட்டது. அறுபத்தொன்பது வயதில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கக் கூடாதாம். ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்க முடியாதவர்கள் தனியாக இருப்பது ஆபத்து என்று எங்கேயோ படித்துவிட்டாள். எனக்கு ஒரு மாதம் கெடு. நின்று காட்டினால் என் வீடு. இல்லையென்றால் அவள் வீட்டில், சமையலறையை ஒட்டிய அறை. அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. அதுவும் என் பாதுகாப்புக்குத்தானாம்.

சரியென்று பக்கத்துத் தெரு நூலகத்தின் மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். நாங்கள் எட்டுப் பேர். எல்லாருமே பேரன் பேத்தி எடுத்தவர்கள். சொல்லிக்கொடுக்கிற பெண் எங்களை "செல்லங்களா" என்றுதான் கூப்பிடுவாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்க வேண்டும், தொடையின் பின்பக்கத்தை இழுக்க வேண்டும், பிறகு பிடியை விட்டுவிட்டு வலது காலில் நிற்க வேண்டும். அதற்குள் ரிட்டையர்டு டீச்சர் ஒருத்தி தன் மூட்டு வலியைப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவாள். இடது காலுக்கு வருவதற்குள் டீ வந்துவிடும். டீ ஆறக் கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடே வந்ததில்லை.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள், கையில் அளவு டேப்போடு. என் பீரோ அந்த அறைக்குள் நுழையுமா என்று பார்க்கவாம். பரீட்சைக்கு முன்பே ரிசல்ட் போட்டுவிட்டாள் மகராசி. நேரம் பார்ப்பதற்கு மாப்பிள்ளை, கையில் செல்போனோடு. கல்யாணமான நாளிலிருந்து "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்பதைத் தாண்டி அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை.

வலது காலில் நின்றேன். இருபது நொடி. மகள் முகம் தொங்கிப்போனது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"வேணும்னா போய் காபி போட்டுக் குடிச்சிட்டு வா. அதுவரைக்கும் நிக்கறேன்" என்றேன்.

"வேணாம்மா. இடது கால்ல நில்லு, போதும்" என்றாள். பிறகு கணவரிடம், "நீங்க டைம் பாருங்க, நான் பீரோவை அளந்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

ஒரு மாதமாக அந்தக் கால் ஓசியில் டீ குடித்துக்கொண்டிருந்தது. வலது காலைத் தூக்கினேன், இடது காலில் நின்றேன். நான்காவது நொடியில் கால் வெடவெடத்து, சோபாவைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷம் வேலைக்குப் போய் நான் வாங்கிய வீடு, நானே பூட்டி நானே திறக்கிற வீடு.

"எவ்வளவு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பன்னிரண்டு."

உள்ளே டேப் சர்ரென்று சுருண்டுகொண்டது.

என் மேல் பாசமா, என்னோடு ஒரே வீட்டில் இருக்கப் பயமா என்று நான் கேட்கவில்லை. அவரே குனிந்து காதோரம் சொன்னார்: "அத்தை, அந்தக் காலையும் பழக்கிடுங்க. அடுத்த தடவை அவளே டைம் பார்ப்பா. அப்புறம் நம்ம ரெண்டு பேரையுமே காப்பாத்த ஆளில்ல."

என் மகளுக்கு நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.