பளபளத்த அடுப்பு

அந்த அரசாங்க ஆபீஸ் படியை ஏழு தடவை ஏறி இறங்கியதில் பேக்கரிக்காரியின் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு நாள் போட்டோ சின்னதாக இருக்கிறது என்பார்கள், இன்னொரு நாள் கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்பார்கள். மூன்றாம் தடவை போனபோது சீல் வைக்கிறவர் லீவு. போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் சலுகை தருகிறோம் என்று போஸ்டர் மட்டும் சுவர் கொள்ளாமல் ஒட்டியிருந்தார்கள்.

அவளுக்கு வேறு வழியில்லை. பேக்கரியில் இருந்த கரண்ட் அடுப்புக்கு வயது இருபத்திரண்டு. கதவு ரப்பர் வெடித்து, சூடு வெளியே போகாமலிருக்கச் சுவருக்குள் அடைத்த பஞ்சு உதிர்ந்து, பாதி சூடு ரொட்டிக்கும் பாதி சூடு அவள் புருஷனுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் மனுஷன் இரண்டு தடவை தட்டோடு மயங்கி விழுந்தார். மூன்றாவது தடவை விழுந்தால் எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது என டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பழைய அடுப்பை ஒப்படைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும் புது அடுப்பு வாங்கினால் பாதி விலையை அரசாங்கம் தரும். அதற்குத்தான் இந்த அலைச்சல்.

ஒரே ஒரு நிபந்தனை. இன்ஜினியர் நேரில் வந்து, சூடேறிய அடுப்பின் வெளிச்சுவரில் கருவியை வைத்துப் பார்ப்பார். அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் காட்டினால் புது அடுப்பு, இல்லாவிட்டால் இல்லை. அவள் இதைக் கேட்டுச் சிரித்தேவிட்டாள். அந்தச் சுவரில் கை பட்டால் தோல் உரிந்துவிடும். இதையெல்லாம் புருஷனிடம் விளக்க அவளுக்குப் பொறுமை இல்லை. புதன்கிழமை ஒருத்தர் அடுப்பைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் விட்டுப்போன ஒரு சீலுக்காக ஆபீஸில் நின்றாள். புதன்கிழமை இன்ஜினியரோடு உள்ளே நுழைந்தபோதுதான் அடுப்பைப் பார்த்தாள். வெள்ளிப் பெயின்ட் அடித்துப் புதுப்பெண் மாதிரி பளபளவென்று நின்றது. கதவுக்குப் புது ரப்பர். பக்கத்தில் அவள் புருஷனும், வெல்டிங் வேலை செய்கிற கொழுந்தனும் குளித்து, சட்டை மாற்றி நின்றார்கள். சுகாதார அதிகாரி வந்தாலும் சரி, தீயணைப்புக்காரர் வந்தாலும் சரி, முதல் நாளே கழுவித் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடுவது அந்தக் கடையில் வழக்கம். அதையே இவர்கள் இந்தத் தடவையும் செய்திருந்தார்கள்.

இன்ஜினியர் கருவியை வைத்தார். ஐம்பத்தெட்டு. இடம் மாற்றி வைத்தார். ஐம்பத்தேழு.

"அடுப்பை நல்லாவே பராமரிக்கிறீங்கம்மா. இதுக்குத் திட்டம் பொருந்தாது" என்றார். மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருஷம் ஆகுமாம்.

நேற்று வரை சுட்டது என்று அவள் மன்றாடினாள். கொழுந்தனும் விஷயம் புரிந்து, "சார், அது சும்மா பார்வைக்கு அடைச்ச பஞ்சு. பத்து நாள் சூட்டுல பொடியாயிடும்" என்று உண்மையைக் கக்கினான். இன்றைக்குக் காட்டியதைத்தான் எழுத முடியும் என்று சொல்லி, அவர் பேனாவை மூடிவிட்டுப் போனார்.

"பாத்தியா, ஆபீசரே பாராட்டிட்டுப் போறாரு" என்றார் அவள் புருஷன்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அடுப்பையே தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. ஆபீஸ்காரர்களைத் திட்டினாள், கொழுந்தனைத் திட்டினாள், வாயைத் திறந்து நிபந்தனையைச் சொல்லாத தன்னையும் திட்டிக்கொண்டாள். அப்புறம் எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். அவர் பெயின்ட் ஒட்டியிருந்த விரலைச் சுரண்டிக்கொண்டே நின்றார்.

அடுப்பு மணி அடித்தது. உள்ளே ரொட்டி இருந்தது. பழக்கத்தில் அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நீளக் கரண்டியை எடுத்தார். அவள் அதைப் பிடுங்கினாள்.

"போய் வாசல்ல உக்காருங்க. ஒரு வருஷம் நான் நிக்கிறேன்."

"உனக்கு இதுல என்ன தெரியும்?"

"எப்ப எடுக்கணும்னு அங்கிருந்தே சொல்லுங்க. எடுக்கிறேன்."

அவர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கதவைத் திறந்தாள். சூடு முகத்தில் அறைந்தது.

"இப்ப எடு" என்றார் அவர்.