தாவீது கழித்துப்போட்ட ஃபிலிம்

"உன்ன யாரு நைனா அந்த டப்பாவத் தொடச் சொன்னது?"

பக்கத்து வீட்டு ஹெலன் போட்ட சத்தத்தில் நான் மிக்சியை நிறுத்திவிட்டேன். மிக்சி ஓடினால் பாதிப் பேச்சு காதில் விழாது.

"சுருக்கம் வுழுந்தா அது ரிஜெக்ட்டும்மா. பொறுக்கிப் போட்டேன். அதுல இன்னா தப்பு?" அவள் அப்பா தாவீதும் குரலைக் குறைக்கவில்லை.

தாவீதுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தண்ணீர் பாட்டில்கள் மேல் இறுக்கிச் சுற்றுகிற பிளாஸ்டிக் ஃபிலிம் செய்யும் கம்பெனியில் செக்கர் வேலை. மடிப்பு, சுருக்கம் எது இருந்தாலும் குறுக்கே வெட்டி, அரைக்கிற மெஷினுக்கு அனுப்பவேண்டும். மனிதர் பெஞ்சாதி கட்டியிருக்கும் புடவையைக்கூட அப்படித்தான் பார்ப்பார்.

பெண்ணோ மெட்ராஸ் காலேஜில் ஆராய்ச்சி. தினமும் சூளூர்பேட்டை ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வருவாள். என்ன ஆராய்ச்சி என்று அவள் அம்மா ஞானம்மாவைக் கேட்டுக் கேட்டு நானே அரை வாத்தியார் ஆகிவிட்டேன். அப்பா கம்பெனி ஃபிலிமின் மேல் காலேஜில் மெல்லிசாக வெள்ளி பூசி, சூடு காட்டுவாள். ஃபிலிம் சுருங்கும். கூடச் சுருங்க முடியாத வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத அளவில் மடிப்பு மடிப்பாக எழும்பும். அதன்மேல் ஏரித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு லேசர் அடித்தால், ஒளி அந்த மடிப்புகளில் சிக்கிப் பல மடங்காகுமாம். தண்ணீரில் பூச்சிமருந்து துளியூண்டு இருந்தாலும் நிறமாலைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். வழவழப்பான ஃபிலிமில் ஒன்றும் தெரியாது.

மறுநாள் புனே கம்பெனிக்காரர்கள் காலேஜுக்கு வந்து இதைப் பார்ப்பதாக இருந்தது. பிடித்துப்போனால் ஹெலனுக்கு அங்கே வேலை. அவளுக்கு நிச்சயம் செய்திருந்த எட்வர்ட், காக்களூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், தானும் புனேவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். வேலை கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுக் காக்களூரில் குடித்தனம். அவன் அம்மா வைத்த கெடு அது. தவக்காலம் முடிந்ததும் கல்யாணம்.

இவ்வளவும் தெருவுக்கே தெரியும். தாவீதுக்கு மட்டும் புனேக்காரர்கள் வருவதுதான் தெரியும். முந்தின நாள் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், பெரிய மனுஷர்கள் பார்க்கப்போகிற சரக்காயிற்றே என்று மகள் எடுத்துப்போக வைத்திருந்த டப்பாவைத் திறந்திருக்கிறார். மேலே சுருங்கிப்போன துண்டுகள், அடியில் அவரே கொண்டுவந்து கொடுத்த வெறும் ஃபிலிம். சுருங்கியதை எல்லாம் வழக்கப்படி குறுக்கே வெட்டி, கம்பெனிச் சரக்கு கம்பெனிக்கே திரும்பவேண்டும் என்ற நேர்மையில் அடுத்த ஷிப்ட்டுக்கு எடுத்துப்போய் அரவையில் போட்டுவிட்டார். வெள்ளியோடுதான். நல்லதை அழகாக அடுக்கிவைத்திருந்தாராம்.

மறுபடி செய்துகொள்ளேன் என்றாள் ஞானம்மா. வெள்ளி பூசுகிற மெஷினுக்கு அங்கே வரிசையில் நிற்கவேண்டும், அடுத்த மாதத்துக்குமுன் முறை வராது என்றாள் ஹெலன். அப்புறம் யாருக்கும் கத்தத் தெம்பில்லை போலிருக்கிறது. நான் சுவரை ஒட்டி நிற்கவேண்டியதாயிற்று.

"எனக்கு யார்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் தாவீது.

"நீ எப்ப நைனா முழிச்சிக்கினு இருந்த, சொல்றதுக்கு?"



மறுநாள் ஹெலன் காலேஜுக்குப் போய், காட்ட ஒன்றும் இல்லை என்று உள்ளதைச் சொன்னாள். வந்தவர்கள் அனுதாபப்பட்டார்கள், டீ குடித்தார்கள், அதே லேபில் துளசிராமன் என்ற பையனின் வேலையைப் பார்த்து அவனை எடுத்துக்கொண்டு போனார்கள். எட்வர்டின் அம்மா நடந்தது கேள்விப்பட்டதும் மகனோடு வந்துவிட்டாள். ஹெலன் ஒரு வருஷம் தவணை கேட்டாள். எட்வர்ட் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஈஸ்டருக்குப் பிறகு அவன் ஆர்.கே.பேட்டையில் ஒரு டெய்லர் மகளைக் கட்டிக்கொண்டான். ஹெலன் புதிதாக ஃபிலிம் சுருக்கி, பட்டம் வாங்கி, நெல்லூர்ப் பக்கம் ஒரு காலேஜில் லெக்சரராகச் சேர்ந்தாள். கல்யாணம் இன்னும் இல்லை. சமைத்துப்போட ஞானம்மாவும் கூடப் போய்விட்டாள். தாவீது மட்டும் பக்கத்து வீட்டில் இருக்கிறார். ஷிப்ட் முடிந்து வருகிறார், தூங்குகிறார்.