வாய் எந்தப் பக்கம்

அக்கா வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் பின்சுவரில்தான் அந்த நத்தையைக் கண்டேன். பழைய சுண்ணாம்புச் சுவர். நீராவிக் குழாய் ஒழுகி, விரிசல்களில் பாசி பிடித்திருந்தது. காலி ஓடு ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, ‘வலம்புரி, வாய் வலப்பக்கம்’ என்று குறித்துக்கொண்டேன்.

மாலை உயிரியல் வகுப்பில் அந்தக் குறிப்பை வாசித்ததும் ஆசிரியையின் முகம் வாடியது. இந்த வட்டாரத்தில் முன்பு அரிய வகை ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு வாய் இடப்பக்கம். வலப்பக்கம் என்றால் எங்கும் ஊர்கிற சாதாரண நத்தைதான் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவதாக ஏற்பாடு. அதற்காக மேலாளரிடம் நடையாய் நடந்தவள் அக்காதான். ஈரம் உள்ளே இறங்கி, அந்தச் சுவரோர அலமாரியில் இருக்கும் விரிப்புகளில் கறை படிந்தால் திட்டு அவளுக்குத்தான்.

காலையில் மனசு கேட்காமல், ஓட்டைப் பாடநூல் படத்தின் பக்கத்தில் வைத்தேன். படத்தில் கூர்நுனி மேலே இருந்தது. நான் சங்கைப் பார்ப்பதுபோல நுனியைக் கீழே வைத்துப் பார்த்திருக்கிறேன். திருப்பினேன். வாய் இடப்பக்கம் வந்துவிட்டது. சங்கில் நாம் வலம்புரி என்பதைத்தான் புத்தகம் இடச்சுழி என்கிறது.

சுவரைப் பூசப்போவதையும் சொல்லிப் படம் அனுப்பினேன். அதேதான், உடனே ஓடிப்போய்த் தடு என்றார் ஆசிரியை.

கொத்தனார் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் மூச்சுவாங்கச் சொன்னேன்.

“நேத்து சாதாரண நத்தைன்னியே?”

“தலைகீழா பிடிச்சுட்டேன்க்கா.”

“நீ பொறந்ததே அப்படித்தான்.”

பூசினால் செத்துவிடுமா என்று கேட்டாள். இந்த விரிசலும் ஈரமும் போனால் அதற்கு வேறு இடம் இல்லை, எனக்குத் தெரிந்தவரை என்றேன். அந்தத் ‘தெரிந்தவரை’ தேவையா என்று உடனே தோன்றியது.

அக்கா குனிந்தாள். பாசிக்குள் ஒன்று கொம்பை நீட்டி, இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, உள்பக்கம் மட்டும் பூசுங்க. வெளிய தொட வேணாம்.”

அப்படிச் செய்தால் ஈரம் முழுசாக நிற்காது என்று கொத்தனார் எச்சரித்தார்.

“தெரியும்ணே. கேட்டது நான்தானே, மேலாளர்கிட்ட நானே பேசிக்கிறேன்.”

விரிப்பு அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்த என்னைக் கூப்பிட்டாள். நல்ல கனம். பாதி வழியில் அவளுக்கு இரைத்தது. இறக்கி வைக்கலாமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துப் பிடியை மாற்றிக்கொண்டாள்.