வீட்டுப் படத்தை அமத்தினால்

நளீர் தன் பழைய வேனுக்குள் கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்து, அதை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட, படுத்தெழும்பி ஊர் சுற்றும் வாகனமாக மாற்றி முடித்தபோது கண்டக்குழி ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். வெள்ளைக்காரனுக்குப் படுக்க வேறு இடமா இல்லை? கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்குவதற்காக இவ்வளவு தூரம் வருகிறவன் எதையும் செய்வான் என்பது நளீரின் கணிப்பு.

ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதி நடத்தும் மக்டலின் மட்டும் உள்ளே ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். "வடிவாத்தான் இருக்கு" என்றவள் அடுத்த மூச்சிலேயே நிபந்தனையும் போட்டாள். "ஆனா பின்னால பாக்கிற கமராவும் வழி காட்டுற மெசினும் பூட்டித்தான் தரவேணும். போன சீசன்ல ஒருத்தர் றிவேர்ஸ் எடுத்து என்ர மதிலையே சரிச்சுப் போட்டார்."

"பூட்டினாப் போச்சு" என்றான் நளீர். அவனுடைய வாய்க்கு எப்போதும் அவசரம்தான்.

அவன் மனைவி ஸுல்பிகாவின் முகம் சுருங்கியது. சுருங்காமல் என்ன செய்யும்? கல்யாணம் முடித்த நாளிலிருந்து, அவன் எங்கே வேனைப் பின்னுக்கு எடுத்தாலும் இறங்கிப் பின்னால் நிற்பவள் அவள். வேனின் உடம்பில் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும், வரட்டும்" என்று கூப்பிடுவாள். நிறுத்தவேண்டிய இடத்தில் ஓங்கி ஒரே அடி. கல்யாண வீட்டு வாசலிலும் அதே அடி, ஆஸ்பத்திரி வாசலிலும் அதே அடி. வேனில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. அவள் கை பட்ட இடத்தில் மட்டும் பெயின்ற் மங்கியிருந்தது.

"கமரா என்னத்துக்கு? நான் என்ன மவுத்தாவா போயிட்டன்?"

"வெள்ளைக்காரனோட நீ போவியா புள்ள?"

"கேட்டாங்களா? கேட்டாப் போவன்."

சொன்னாளே தவிர, புத்தளத்துக்குச் சாமான் வாங்கப் போனபோது முன் ஸீட்டில் முதலில் ஏறி உட்கார்ந்ததும் அவள்தான்.

கடைக்காரர் ஃபைஸல், சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வந்தவர். மூன்று சாமான்களை எடுத்து மேசையில் பரப்பினார். முதலாவது, முன் கண்ணாடியில் ஒட்டி வைக்கும் சின்னது. வழி மட்டும் காட்டும்.

"இது ஒரு பொம்புளைக் குரல். சொன்ன வழியால போகாட்டி, விடாமத் திரும்பத் திரும்பச் சொல்லும்" என்றார் ஃபைஸல்.

"அது வீட்டிலயும் இரிக்கி" என்றான் நளீர். ஸுல்பிகா அதை எடுத்து ஒதுக்கி வைத்தாள். நம் வெயிலுக்கு ஒட்டினது கழன்று மடியில் விழும் என்று அவள் காரணம் சொன்னாள். அந்தக் காரணமும் சரிதான்.

இரண்டாவது, நடுக்கண்ணாடிக்குள்ளேயே கமராப் படம் தெரிகிற வகை. பார்க்க அழகு. ஆனால் பின்னேரம் கற்பிட்டி றோட்டில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும்போது அதில் தன் மூஞ்சியைத் தவிர ஒன்றும் தெரியாது என்று நளீர் கண்டுபிடித்தான். மூன்றாவது பெரிய திரை. வழியும் அதில்தான், றிவேர்ஸ் போட்டவுடன் பின்பக்கமும் அதில்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் வேறு. நளீருக்கு அதைக் கண்டதும் வாயில் நீர் ஊறியது.

"கமராக்குள்ள உப்புக் காத்து போகுமா?" என்று கேட்டாள் ஸுல்பிகா.

"போகாது தங்கச்சி. இறுக்கி மூடினது."

"ஆட்டுக்குட்டி நிண்டாத் தெரியுமா?"

ஃபைஸல் யோசித்தார். கமராவை மேலே பூட்டினால் ஆட்டுக்குட்டி தெரியாது. கீழே, இலக்கத் தகட்டை ஒட்டிப் பூட்டுவதென்று முடிவாயிற்று. தன் வேலையைப் பறிக்க வந்த கமராவுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவளும் அவளேதான். அதுதான் ஸுல்பிகா.

பூட்டி முடிந்ததும், படம் சரியா என்று பார்க்க அவளைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். திரையில் அவள் முழுசாகத் தெரிந்தாள். சும்மா நின்றால் போதும் என்றுதான் சொன்னார்கள். நிற்க அவளால் முடியவில்லை. கை தன்பாட்டில் எழும்பி, "வரட்டும், வரட்டும்" என்று கூப்பிட்டது.

அந்த நேரம் பார்த்து, வழி காட்டும் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்த ஃபைஸல் கேட்டார். "இதில வீட்டையும் போட்டு வைக்கலாம். வீட்டுப் படத்தை அமத்தினா, எங்க நிண்டாலும் திருப்பிக் கொண்டுவந்து விடும். வீடு எங்க?"

"எருக்கலம்பிட்டி" என்றான் நளீர்.

ஏழு வயதில், அதே சண்டையில் விரட்டப்பட்டு, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து படகில், உம்மாவின் மடியில் கிடந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவன் அவன். படித்தது இங்கே, கல்யாணம் முடித்தது இங்கே, பிள்ளைகள் பிறந்தது இங்கே. ஆனாலும் யாராவது கேட்டால் வாய் அதைத்தான் சொல்லும். வேறொரு கடைக்காரராக இருந்திருந்தால், நீ இருப்பது கண்டக்குழியில் அல்லவா என்று திருப்பிக் கேட்டிருப்பார். ஃபைஸலுக்கு அப்படித் தோன்றவே இல்லை. அவரிடம் யாராவது கேட்டாலும் யாழ்ப்பாணம் என்றுதான் சொல்வார். அகதி கேட்க, அகதி சொல்ல, மெசின் எழுதிக்கொண்டது.

முதலாவதாக வேனை எடுத்தது ஒரு வெள்ளைக்காரச் சோடி. அநுராதபுரம் பார்த்துவிட்டு வரப் போனார்கள். நளீர் அரைகுறை இங்கிலீசிலும் முழுக்கையாலும் விளங்கப்படுத்தி அனுப்பினான். பயப்படவேண்டாம், இந்த வீட்டுப் படத்தை அமத்தினால் என் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடும்.

சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு, அவர்கள் ஃபோன் எடுத்தார்கள். வந்துவிட்டார்களாம். நளீர் வாசலுக்கு ஓடினான். ஒரு கோழிதான் நின்றது. ஒழுங்கை றோட்டில் ஏறும் முனைவரை ஓடிப் பார்த்தான். அதற்குள் ஃபோன் கை மாறி ஓர் ஆண்குரல் ஸலாம் சொன்னது.

"மச்சான், நான் றஊப்."

றஊப் அவனுடைய மாமி மகன். சண்டை முடிந்ததும் எருக்கலம்பிட்டிக்கே திரும்பிப் போனவன். "ரெண்டு வெள்ளைக்காரர் உன்ட பேரைச் சொல்லிக்கொண்டு வந்திரிக்காங்க. இதுதான் உன்ட வீடாம். நான் சாப்பாடு குடுத்துட்டன். நீ எப்ப வாறாய்?"

ஸுல்பிகா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"கடைக்காரன் பிழையாப் போட்டுட்டான்" என்று நளீர் ஒரு பொய்யை எறிந்து பார்த்தான். அவள் உடனே ஃபைஸலுக்கு ஃபோன் எடுத்தாள். "அவர்தானே தங்கச்சி சொன்னவர்" என்றார் அந்த நல்ல மனிதர். பொய்யின் ஆயுள் அவ்வளவுதான்.

ஸுல்பிகா கத்தவில்லை. கத்தியிருந்தால் நளீருக்குச் சமாளிக்கத் தெரியும். "பின்னால நிக்க எனக்குப் பதிலா கமரா வந்துட்டு. இப்ப வீடும் மன்னார்ல இரிக்காம். அப்ப நான் இஞ்ச யாரு?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். அதற்குப் பிறகு சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

மறுநாள் வெள்ளைக்காரர் ஒரு பொதி கருவாட்டோடு, வாயெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கூட்டிப்போக வந்த மக்டலின் மொழிபெயர்த்தாள். "உங்கட வீடு நல்ல வடிவாம், வீட்டாக்கள் தங்கமான சனமாம்." அதை ஸுல்பிகாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள், பாவம், ஒன்றும் தெரியாமல். பிறகு, சீசன் முழுக்க வேனைத் தனக்கே தரும்படி கேட்டாள். சீசன் கிடைத்தது. வீட்டுக்காரிதான் கிடைக்கவில்லை.

அவர்கள் போனதும் வேனுக்குள் ஏறி, வீட்டை மாற்றப் பார்த்தான். கண்டக்குழியில் அவர்களுடைய ஒழுங்கையே மெசினின் வரைபடத்தில் இல்லை. வெறும் மணல் நிறம். வாகனம் நிற்கும் இடத்தையே வீடென்று பதிகிற வழி ஒன்று இருந்தது. வேனைக் குசினி வாசலருகே கொண்டுபோய் நிறுத்தினான்.

"ஸுல்பிகா, இதில வச்சு அமத்தட்டா?"

"என்னட்டக் கேக்காதீங்க. உங்கட வாப்பாட்டக் கேளுங்க. இஞ்ச, நம்மட மையவாடியிலதான் அடங்கிக் கிடக்கிறார்."

நளீருக்கு நெஞ்சில் ஓங்கி அடித்தது போலிருந்தது. வாப்பாவைக் குழிக்குள் இறக்கிய கை, இப்போது திரையின் மேல் இருக்கும் இதே கைதான்.

"வாய்தான் புள்ள அப்பிடிச் சொல்லுது" என்றான். "கால் ஒரு நாளாவது அங்க போயிரிக்கா? பொழுதுபட்டா இஞ்சதானே வருது."

அவள் வேனின் கதவைத் திறந்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப வாயால சொல்லுங்க. வீடு எங்க?"

"கண்டக்குழி."

"யார்ட வீடு?"

"உன்ட வீடு" என்றான் நளீர், இம்முறை சரியாகச் சொல்லிவிட்ட பெருமையோடு.

அவள் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாக வரும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். நளீரும் எங்கே போனாலும் பொண்டாட்டி வீட்டில் இருக்கிறேன் என்றுதான் சொல்வான். மரியாதைக்குத்தான் அப்படிச் சொல்வதாக அவன் நினைத்திருந்தான்.

"இதத்தானே இவ்வளவு காலமும் சொல்றீங்க" என்றாள். "விருந்தாளி மாதிரி."

நளீர் திரையைப் பார்த்தான், குசினிச் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவசரக்கார வாய்க்கு முதன்முறையாக நேரம் எடுத்தது.

"என்ட வீடு" என்றான். அடுத்தவன் சாமானில் கை வைத்தவன் போல, தாழ்ந்த குரலில்.

"இப்ப அமத்துங்க" என்றாள் ஸுல்பிகா.