பார்ட்னர் வீட்டுக்குப் போன நாள்

காலை ஆறு மணிக்கே டிரைவிங் மாஸ்டர் குளித்து, சட்டை மாட்டி, செருப்பையும் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் காரோடு வருவதாகச் சொன்னது ஒன்பதரைக்கு. சட்டை அவருடையதுதான், ஆனால் இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டதால், யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டதுபோல் தோளிலிருந்து தொங்கியது. கால்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எழுந்து கேட் வரை போய்ப் பார்ப்பார், வந்து உட்காருவார், மூச்சு வாங்கும், மறுபடி எழுந்துகொள்வார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றுகூட இப்படிப் பறந்ததில்லை என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்.

கணையத்தில் கட்டி. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று என்று டாக்டர் சொன்னபோது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டரோ, "அப்போ நேரம் இருக்கு டாக்டர்" என்றார்.  சாவைப் பற்றி மாஸ்டருக்குப் பெரிய பயம் இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், மனைவி நச்சரித்தாளே என்று சபைக்குப் போனவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்தபடி பொலபொலவென்று அழுதார். அன்றிலிருந்து ஆண்டவர் அவருக்குப் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் மாதிரி. காலையில் பல் தேய்க்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். போகிற இடத்தில் தன்னை யார் எதிர்கொள்வார் என்று அவருக்குத் தெரியும். தொண்டையில் முள்ளாகக் கிடந்தது வேறொன்று. அதை ஆண்டவரிடம் சொல்லியாகிவிட்டது, எத்தனையோ தடவை. சொல்ல வேண்டிய மனிதனிடம்தான் சொல்லவில்லை.

போன வாரம் முதலில் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் இந்தச் சட்டை இஸ்திரி போட்டு மடித்துக் கட்டில்மேல் இருந்தது.

மகள் ஒன்பதே முக்காலுக்கு வந்தாள். மருந்துக்கடையில் வேலை, அரைநாள் லீவு போட்டிருந்தாள். பழைய பார்ட்னரைப் பார்க்கப் போகிறோம் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். விலாசத்தைக்கூட அவள்தான் யார் யாரையோ பிடித்து விசாரித்து வாங்கியிருந்தாள். பெரிய சாலைக்கு வந்ததும் மாஸ்டர் ஆரம்பித்தார். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன், இருவரும் சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்திய காலத்தில், சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று பார்ட்னர் மூன்று நாள் தொடர்ந்து சொன்னான். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது இவர்தான். நான்காம் நாள், பழக வந்த ஒரு பெண் சரிவில் வண்டியை விட்டுச் சுவரில் மோதினாள், கால் முறிந்தது. பக்கத்தில் இருந்த பார்ட்னர் மிதித்த மிதிக்குப் பிரேக் அசையவே இல்லை. அன்று சாயங்காலமே மாஸ்டர் பிரேக்கைச் சரிபண்ணி வைத்தார். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது. பார்ட்னர் தூங்கிவிட்டான் என்று மாஸ்டரே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பார்ட்னருக்கு லைசென்ஸ் போனது. அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைத்தது கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை.

மகள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். கை ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை. சிறுவயதில், அந்தத் தூங்குமூஞ்சி மாமாவோடு பேசக்கூடாது என்று தன்னைத் தடுத்தது அப்பாதான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இதை நான் வண்டி ஓட்டும்போதாப்பா சொல்லணும்?"

"வீட்ல சொன்னா எழுந்து போயிடுவே."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். பிறகு, அவர் கண்டிப்பாகப் போகத்தான் வேண்டுமா, கடவுள்தான் மன்னித்துவிட்டாரே, ஒரு கடிதம் எழுதினால் போதாதா என்று கேட்டாள்.

"மன்னிப்பு வாங்கணும்னு போகலம்மா. மன்னிச்சிட்டார்ங்கற தைரியத்துலதான் போறேன். இல்லேன்னா இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன் வீட்டு வாசப்படி ஏற முடியுமா?"

அவள் இன்டிகேட்டரைப் போட்டு வண்டியைச் சாலைக்குள் எடுத்தாள்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மகள் கீழேயே மலைத்து நின்றுவிட்டாள். மாஸ்டர் அதற்குள் நான்கு படி ஏறியிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் படியிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் உதடு அசைந்தது. ஜெபமா, என்ன சொல்ல வேண்டும் என்கிற ஒத்திகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவது மாடியில் வியர்த்து, முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் மட்டும் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிறவனின் பரபரப்பு. எதிரே இறங்கிவந்த ஒரு அம்மாள் ஒதுங்கி வழிவிட்டு, யார் வீட்டுக்கு என்று கேட்டாள். மாஸ்டர் விரலை மேலே காட்டிச் சிரித்தார்.

கதவைத் திறந்த பார்ட்னர் அப்படியே நின்றான். மூட்டை தூக்கி ஒரு தோள் இறங்கியிருந்தது, தலை முழுக்க வழுக்கை.

"என்னடா இப்படி ஆயிட்டே" என்றான்.

நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். மாஸ்டர் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், பிரேக், தள்ளிப்போட்டது, சாயங்காலம் திருகியது, எழுதிக் கொடுத்தது என்று தலைகீழாகவும் குறுக்காகவும் வந்தது. சொல்லி முடித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டிக்கொள் என்றார்.

பார்ட்னர் வாங்கி, மூக்குக் கண்ணாடி தேடி, நிதானமாகப் படித்தான். பிறகு மடித்தான்.

"எனக்குத் தெரியாததா இது. நீ சொல்லுவியான்னுதான் தெரியல." மடித்ததை விரலால் தட்டி, "இந்தக் காகிதத்தை வச்சி நான் என்ன பண்றது. என் பையன்கிட்ட சொல்லு. ஒன்பது வயசுல, உங்கப்பன் தூங்கி ஒருத்தி காலை உடைச்சிட்டான்னு பசங்க சொன்னதைக் கேட்டு அடிபட்டு வந்தான் ஸ்கூல்லேர்ந்து. நான் தூங்கலடான்னு சொன்னேன். நம்பினானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றான்.

மாஸ்டர் எதிர்பாராதது இது. மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. ஃபோன் போடச் சொல்லு என்பதுபோல் தலையசைத்தாள்.

மகன் வேறு ஊரில் இருந்தான். ஃபோன் ஸ்பீக்கரில் போடப்பட்டது. மாஸ்டர் தான் யாரென்றும், தன் நோயையும், ஆண்டவர் கொடுத்த தைரியத்தில் வந்ததையும் சொல்லி, முதலிலிருந்து, இந்த முறை வரிசையாக, ஒன்று விடாமல் சொன்னார்.  மகன் வெடித்தான். சாகப்போகிற நேரத்தில் பாவத்தைக் கழுவ வந்தீர்களா, எங்கம்மா இதை நினைத்தே செத்தாள், அப்போது எங்கே போயிருந்தார் உங்கள் கடவுள் என்று கேட்டான். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம்ப்பா என்றார், உண்மைதான் என்றார். சமாதானம் சொல்லவில்லை.  கடைசியில் அந்தக் குரல் உடைந்து, "அப்பா, லைன்ல இருக்கியா?" என்றது. பார்ட்னர் ஃபோனை வாங்கி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போனான்.

அரைமணி நேரம் அவர்கள் காத்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் பேச்சு தெளிவில்லாமல் கேட்டது. மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சுக்குள் ஏதோ குதித்துக்கொண்டிருந்தது. இந்த உடம்புக்குள் இத்தனை சந்தோஷத்துக்கு இடம் எங்கே இருந்தது என்று ஆண்டவரிடம் கேட்டார்.

பார்ட்னர் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "எழுந்திரு, படியில விழுந்து வைக்காதே" என்று கக்கத்தில் கை கொடுத்தான். மூட்டை தூக்கிய கை, இவருடைய கனம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூன்று மாடியும் இறங்கினார்கள். அவசரப்படுத்தாமல், திருப்பத்துக்குத் திருப்பம் நின்றான்.

சந்து குறுகல். காரைப் பின்னுக்கு எடுத்துத்தான் வெளியே போக வேண்டும். மகள் இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் சுவரருகே நின்றாள். முன்சீட்டில் இருந்த மாஸ்டர் சொல்ல வாயெடுத்து, மூச்சில்லாமல் நிறுத்தினார். பார்ட்னர் அவர் ஜன்னலைக் கடந்து காருக்குப் பின்னால் போய் நின்றான். பக்கக் கண்ணாடியில் மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிய தோளுக்கு மேலே ஒரு கை உயர்ந்து, உள்ளங்கை மடங்கி விரிந்து, வா, வா, இன்னும் வா என்று கூப்பிட்டது.