அறுபத்து மூன்றின் ஜோடி

கிளிஃபர்ட் எங்கள் கூட்டத்துக்குப் 'பழைய மாணவர் சங்கம்' என்று பெயர் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பழைய மாணவர்களாம். நாங்கள் என்ன கான்வென்ட்டிலா படித்தோம்? நீதிபதி கையெழுத்துப் போட்டு அனுப்பிய பையன்கள் நாங்கள். அடையாற்றின் தென்கரையில் இருந்த சீர்திருத்தப் பள்ளியில் ஒருவன் சைக்கிள் திருடியதற்கு, ஒருவன் டிக்கெட் இல்லாமல் ரயிலேறியதற்கு, ஒருவன் சும்மா பிளாட்பாரத்தில் படுத்திருந்ததற்கு என்று இருநூறு பேர் இருந்தோம். பள்ளியை மூடிப் பல வருஷமாகிவிட்டது. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

நான் தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஜாக்கெட் தைக்கிறவன். அந்தப் பள்ளியில் கற்ற தொழில்தான். மனைவியிடம் மாமா ஒருவர் கற்றுக்கொடுத்தார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கிளிஃபர்ட் ஒருநாள் கடைக்கு வந்து, மிஷின் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, அளவு கொடுக்க வந்த பெண்கள் காதில் விழும்படி, "லிங்கம், நம்ம வார்டன் பிரம்பு ஞாபகம் கீதா?" என்று ஆரம்பித்தான். அவன் வாயை அடைக்கத்தான் கூட்டத்துக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. சாந்தோமில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சின்ன ஹாலில் இருபத்திரண்டு பேர் கூடியிருந்தோம். கிளிஃபர்ட் அந்தப் பங்கைச் சேர்ந்தவன். பள்ளி பேண்டில் டிரம்பெட் கற்றவன், இன்றைக்கும் சாவு ஊர்வலங்களில் வாசிக்கிறான். டீயும் சமோசாவும் வந்தன. வண்டு மிதந்த கஞ்சி, வெறுங்காலோடு வெயிலில் நிற்க வைத்தது, பிரம்பு ஒடிந்ததும் வார்டன் புதுப் பிரம்பு வெட்டி வர அடிவாங்கியவனையே அனுப்பியது என்று ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டார்கள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடி வாங்கியதைச் சொல்லிச் சிரிக்க முடிகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் சமோசாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் கிளிஃபர்ட் எழுந்து, "எண்ணிக்கை எடுக்கலாமாடா?" என்றான்.

எண்ணிக்கை என்றால் காலையும் மாலையும் எங்களைக் கணக்கெடுப்பது. வராந்தாவில் இரண்டிரண்டு பேராகக் குந்த வேண்டும். பக்கத்தில் குந்துகிறவன் உங்கள் ஜோடி. சாப்பாட்டுக்கு, குளியலுக்கு, தண்டனைக்கு எல்லாவற்றுக்கும் அவன்தான் ஜோடி. நம்பரைச் சொல்லி, "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும். பதிவேடு எழுதும் கிளார்க்குக்குக் கண்பார்வை மட்டம். தலையைத் தூக்கவே மாட்டார். குரல் கேட்டால் பேனா ஒரு கோடு போடும்.

நாற்பதை ஒட்டிய ஆண்கள் வேட்டியையும் பேண்ட்டையும் சுருட்டிக்கொண்டு தரையில் குந்தினார்கள். பதினொன்று, உள்ளேன் ஐயா. முப்பத்தேழு, உள்ளேன் ஐயா. வராதவர்களின் நம்பரை கிளிஃபர்டே சொல்லிவிட்டுத் தாண்டினான். நான் அறுபத்து நான்கு. எனக்கு முன்னால் அவன், "அறுபத்தி மூணு" என்றான். சிலர் என்னைப் பார்த்தார்கள்.

"அது எங்க அண்ணன் நம்பரு" என்று வாசலிலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

முப்பது வயதிருக்கும். கையில் ஒயர்கூடை. பெயர் ஜலஜா என்றாள். கிளிஃபர்ட் வரச் சொல்லியிருக்கிறான். அவள் தெருவில் ஒரு சாவுக்கு வாசிக்கப் போனபோது பேச்சுவாக்கில் பழக்கமாகியிருக்கிறது. என்னிடம் சொன்னால் வரமாட்டேன் என்று மறைத்துவிட்டான், படுபாவி.

அவள் நின்றபடியே பேசினாள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு லைன் வீட்டில் அவள் அம்மா புஷ்பம் தனியாக இருக்கிறாள். வீட்டுக்காரர் இடத்தை ஃபிளாட் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். மற்ற ஏழு குடித்தனமும் காலி செய்துவிட்டுப் போயாயிற்று. பக்கத்து வீடுகளின் ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் நகர மாட்டேன் என்கிறாள்.

"வேளச்சேரில எங்கூட வந்து இரும்மான்னு கால்ல விழுந்துட்டேன். வேம்பு வந்தா யாராண்ட போயி கேப்பான், அவனுக்கு இந்த வூடுதானே தெரியும்ங்குது. இருவத்தஞ்சு வருசமா இதே பேச்சு. சுவரு அது மேலயே வுழுந்துடும் போலக் கீது. அண்ணன்கூட இருந்தவங்க யாராச்சும் வந்து சொல்லுங்க. செத்துட்டான்னு சொன்னாலும் பரவால்ல. பொய்யா இருந்தாலும் பரவால்ல."

இப்போது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஜோடி இல்லையா.

"இன்னாத்துக்கு என்னை முறைக்கிறீங்க? நானா அவனை முழுங்கிட்டேன்?" என்று கத்திவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நான் முழுங்கவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

வேம்புவுக்குப் பதினாலு வயது, எனக்குப் பதின்மூன்று. மயிலாப்பூர்க்காரன், அதிலும் நம்பர் அறுபத்து மூன்று, கேட்க வேண்டுமா? எல்லோரும் அவனை 'அறுபத்து மூவர்' என்றுதான் கூப்பிடுவோம். சாமி கும்பிடுகிற மாதிரி கையைக் கூப்பிக் கேலி செய்தால் அவனும் சாமி மாதிரியே அசையாமல் நின்று காட்டுவான். இன்றைக்கும் பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவம் வந்தால் நான் மயிலாப்பூர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம், நவம்பர். மாதத்தின் முதல் ஞாயிறுதான் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். அந்த முறை அவன் அம்மா வரவில்லை. இரண்டு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் மழை விட்டிருந்தது. "அம்மாவுக்கு இன்னாவோ ஆயிட்ச்சுடா. போயிப் பாத்துட்டு நாளைக்குச் சாயங்காலம் எண்ணிக்கைக்குள்ள வந்துடறேன். நீ எனக்கும் சேத்து உள்ளேன் சொல்லு" என்றான். அவன் ஓடிப்போகவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போய்விட்டுத் திரும்பி வருவதாகத்தான் இருந்தான்.

கேட் வழியாகப் போக முடியாது. பின்சுவர் ஏறிக் குதித்தால் ஆற்றின் முகத்துவாரம், அதைத் தாண்டினால் பட்டினப்பாக்கம், அங்கிருந்து நடந்தால் மயிலாப்பூர். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். முழங்கால் தண்ணீரில் பையன்கள் நடந்தே போயிருக்கிறார்கள். மழைக்குப் பின்னால் மணல்திட்டு உடைந்து ஆறு கடலோடு சேர்ந்துவிடும் என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை.

நான் சுவர்மேல் உட்கார்ந்து காவல் பார்த்தேன். அவன் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினான். பாதி தூரம் வரை அந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது. பிறகு ஒரு கை தெரிந்தது. பிறகு சட்டை மட்டும் தனியாகக் கடல் பக்கம் போனது.

நான் கத்தியிருக்கலாம். கரையில் கட்டுமரக்காரர்கள் இருந்தார்கள். கத்தினால் பிரம்பு. அவனுக்கும் பிரம்பு, ஜோடிக்கும் பிரம்பு. நீந்திப் போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சுவரிலிருந்து இறங்கி வந்தேன். அன்றைக்குச் சாயங்காலம், "அறுபத்து மூன்று, உள்ளேன் ஐயா" என்று குரலை மாற்றிச் சொன்னேன். ஞாயிறு காலை, மாலை. திங்கள் காலை, மாலை. நான் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவன் எங்கோ இருக்கிறான் என்று பட்டது. செவ்வாய்க்கிழமைதான் பிடிபட்டேன். அடி தாங்காமல், "ஓடிட்டான் சார்" என்றேன். பதிவேட்டில் 'தப்பியோடினான்' என்று ஏறியது. போலீஸ் இரண்டு நாள் அவன் வீட்டில் தேடிவிட்டு விட்டுவிட்டது. உடல் கிடைக்கவில்லை. தேடினால்தானே கிடைக்கும்.

புதன்கிழமை மயிலாப்பூர் போனேன். புஷ்பத்தின் விலாசத்தை கிளிஃபர்ட் கடைக்கு வந்து மிஷின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

எட்டு வீட்டில் ஏழுக்குக் கூரை இல்லை. கடைசி வீட்டில் மட்டும் கதவு திறந்தே கிடந்தது. ஜலஜா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். புஷ்பம் அவற்றைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த கிழவி.

"எம்மா, நான் வேம்புவோட ஜோடி" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உக்காரு" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடிப்பதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், சட்டை, கை, நான் கத்தாதது, உள்ளேன் ஐயா சொன்னது. ஜலஜா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். புஷ்பம் அழவில்லை. நான் சொல்லி முடித்தபின்னும் எதற்கோ காத்திருப்பவள்போல இருந்தாள்.

"சனிக்கெழமைன்னா சொன்னே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. மூணாவது சனிக்கெழமை."

"நான் ஞாயித்துக்கெழமை வந்தேனே."

எனக்குப் புரியவில்லை.

"மொத ஞாயிறு வர முடியல. இவளுக்குக் கடும் காய்ச்சல். அதனால மூணாவது ஞாயிறு வந்து வாட்ச்மேன் கையக் கால புடிச்சேன். பாவம் பாத்து உள்ள ஆள் அனுப்பினான். புள்ள இருக்கான், ஆனா வரமாட்டானாம்னு வந்து சொன்னாங்க." அவள் குரல் அங்கே கொஞ்சம் தடுமாறியது. "சைக்கிள் கேசுல ஜட்ஜு ஐயா என்னாண்டதான் கேட்டாரு. வூட்டுக்குக் கூட்டினு போறியா, உள்ள வுட்டுட்டுப் போறியான்னு. ஒரு தொழிலாவது கத்துக்கட்டும்னு நான்தான் வுட்டுட்டு வந்தேன். அந்தக் கோவம் அவனுக்கு. அதான் மூஞ்சியப் பாக்கல, அதான் ஓடிப்போயியும் வூட்டுக்கு வரலன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு கீறேன். கோவம் ஆறிட்டா வருவான்னுதான் இந்தக் கதவச் சாத்தாம வச்சிகினு கீறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு பையன் வந்து, "அறுபத்தி மூணுக்கு ஆள் வந்திருக்கு" என்றான். ஜோடி நான்தானே பதில் சொல்ல வேண்டும். இல்லை என்றால் மாட்டிக்கொள்வேன். வாயில் வந்ததைச் சொன்னேன். வந்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் ஆற்றையே நினைத்துக்கொண்டிருந்தவன், அந்த ஒரு சொல்லைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

"வரமாட்டானாம்னு சொன்னது அவன் இல்லம்மா. நான்தான். அவன் அப்போ இல்லவே இல்ல. அவன் உங்களப் பாக்கத்தான் போனான்."

அவள் அலமாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"அப்போ அவன் அப்படிச் சொல்லல."

"சொல்லலம்மா."

"என்னப் பாக்கத்தான் வந்தான்."

"ஆமாம்மா. உங்களுக்கு ஒடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டான்."

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "தூக்குல சோறு குடுத்தேனே. வாட்ச்மேன் வாங்கினான். அது?"

பிள்ளை வராவிட்டால் சாப்பாடு ஜோடிக்கு என்பது அங்கே சட்டம். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் துன்னேன்."

"எல்லாத்தியுமா?"

"எல்லாத்தியும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வேறு எதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நெத்திலிக் கொழம்பு" என்றாள். "அவனுக்குக் காரம் ஆவாதுன்னு மொளகாயக் கொறச்சிப் போட்டேன். எப்பிடி இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சிம்மா."

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, நிறைய நேரம். ஜலஜா வந்து பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தெருமுனைக்கு வருவதற்குள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வீங்கிப்போய் நிலையில் சேராத அந்தக் கதவை, புஷ்பம் இரண்டு கையாலும் தள்ளிச் சாத்திக்கொண்டிருந்தாள்.