மூன்றாவது கோலுக்குத் தொப்பி

புருவம் வரைவதில் டார்லீன் தேறிவிட்டாள். தனக்கல்ல, புருஷனுக்கு. புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து ஓரெஸ்டுக்குத் தலைமுடி, புருவம் எல்லாம் உதிர்ந்துவிட்டன. ஐஸ் ஹாக்கி ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் அவனை உட்காரவைத்து, மைப் பென்சிலால் இரண்டு கோடு இழுத்து, கம்பளித் தொப்பியைக் காது வரை இறக்கிவிட்டு அரங்கத்துக்குக் கூட்டிப்போவாள்.

"யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமா பக்கத்து சீட்டு சிகர்டுக்கு" என்பது அவன் கட்டளை. பரிதாபப் பார்வை பட்டால் ஆட்டம் ருசிக்காதாம்.

அவனுக்கென்ன, சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டுவது, வாந்தி எடுத்த வாளியைக் கழுவுவது, விசாரிப்பவர்களிடம் "நல்லா இருக்கார்" என்று பல்லைக் காட்டுவது, எல்லாம் ஒருத்தி தலையில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. யாரிடமாவது கொட்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

அன்று மதிய ஆட்டம். முந்தின நாள் அதே இடத்தில் கூடைப்பந்து நடந்தது. பனித்தரைமேல் பரப்பியிருந்த பலகைகளை இரவோடு இரவாக எடுத்துவிட்டார்கள். பல வருஷமாகப் பக்கத்து இருக்கைக்காரனான சிகர்ட் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"ஏன்டா, அந்தத் தொப்பிய மண்டையோட சேத்துத் தச்சுட்டாங்களா? கழட்டவே மாட்டேங்கிற."

"உனக்கு உள்ள ஒண்ணுமில்ல, குளிராது. எனக்கு மூளை இருக்குடா" என்றான் ஓரெஸ்ட்.

டார்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

உள்ளூர் அணியில் வோல்சன் என்ற புதுப் பையன் முதல் பகுதியிலேயே இரண்டு கோல் போட்டான். ஒரே ஆள் மூன்று போட்டால் தலையில் இருப்பதைக் கழற்றிப் பனித்தரையில் வீசவேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே இதுவும் பழகிவிடும். இரண்டாம் பகுதி முடியும் தறுவாயில் வோல்சன் மூன்றாவதையும் அடித்தான். அரங்கமே எழுந்தது. தொப்பிகள் மழையாகக் கொட்டின.

ஓரெஸ்டின் கை அவனிடம் உத்தரவு கேட்கவில்லை. "அப்படிப் போடு!" என்று கத்தியபடி அவனும் வீசிவிட்டான். தலையில் குளிர் பட்டபிறகுதான் உறைத்தது. விளக்கு வெளிச்சத்தில் மொட்டைத் தலை. வியர்வையில் கரைந்து வழிந்த ஒரு புருவம். சட்டென்று உட்கார்ந்தான்.

போதாக்குறைக்கு எதிரணிப் பயிற்சியாளர் ஆட்சேபம் எழுப்பினார். வீடியோவில் பார்த்தார்கள். பந்துக்குப் பதில் அடிக்கும் ரப்பர் வில்லை நீலக் கோட்டைத் தாண்டுமுன் வோல்சன் அணி ஆள் ஒருவன் தாண்டியிருக்கிறான். கோல் செல்லாது என்று நடுவர் கைவிரித்தார்.

"செல்லாத கோலுக்கா தலையக் காட்டினேன்?" என்று முனகினான் ஓரெஸ்ட்.

சிகர்ட் அந்தத் தலையை ஒரு தரம் பார்த்தான். பிறகு டார்லீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பலேர்ந்தும்மா?"

"அக்டோபர்லேர்ந்து."

"ஆஸ்பத்திரிக்கு யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"வீட்டுக்கு யாராச்சும் வராங்களா?"

அவள் தலையசைத்தாள், இல்லையென்று.

"அடப் பாவி" என்று சிகர்ட் நண்பன் பக்கம் திரும்பினான். "உன் தலைய மறைச்ச, சரி. இவ மூஞ்சிய ஒரு நாளாவது பாத்தியாடா?"

ஓரெஸ்ட் அவள் பக்கம் திரும்பினான். அவன் அன்றுதான் பார்த்தான்.

"எந்தெந்த நாளு?" என்றான் சிகர்ட்.

"செவ்வாயும் வெள்ளியும்" என்றாள் டார்லீன்.

"வெள்ளிக்கிழமை இனி நான் வரேன்."

"நீ ஓட்டுற கார்ல ஏறினா நோய்க்கு முன்னாடி நானே போயிருவேன்" என்றான் ஓரெஸ்ட். குரல் உடைந்திருந்தது.

"போ. உன் சீட்டுல கால நீட்டிக்கிறேன்."

கடைசிப் பகுதி சமநிலையிலேயே இழுத்தது. முடிய அரை நிமிடம் இருக்கையில் வோல்சன் மறுபடியும் அடித்தான். இந்தத் தடவை செல்லுபடியான மூன்றாவது கோல். கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். கூட்டம் மொத்தமும் எழுந்து குதித்தது.

ஓரெஸ்ட் மட்டும் எழவில்லை. அவன் தோளில் டார்லீன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.